இன்டர்கூலர் போடலாமா? பிக்கப்பை விடுங்கள், சூட்டைப் பாருங்கள்

பழைய இன்னோவா வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இன்டர்கூலர் போட்டா பிக்கப் எவ்வளவு கூடும்?" என் வண்டியில் போட்டிருக்கிறேன் என்று தெரிந்து கேட்கிறார்கள். ஃபோனில் இரண்டு வரியில் பதில் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும். விட்டுப்போன பாதியில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டி. 2005-ல் குவாலிஸுக்குப் பதிலாக வந்த முதல் தலைமுறை இன்னோவா. எஞ்சின் 2கேடி-எஃப்டிவி, 2494 சிசி, காமன் ரெயில் டீசல். டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. 102 பிஎஸ் சக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க். இதே 2494 சிசி எஞ்சின் பின்னால் ஃபார்ச்சூனர் 2.5-ல் வந்தபோது 144 பிஎஸ், 343 நியூட்டன் மீட்டர். அந்த ஃபார்ச்சூனர் பானட்டின் மேல் ஒரு வாய் திறந்திருக்கிறதே, அதற்கு நேர் கீழேதான் இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், நடுவில் இருக்கும் 42 பிஎஸ் முழுவதும் இன்டர்கூலர் கொடுத்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஃபார்ச்சூனரில் டர்போவே வேறு, வேகத்துக்குத் தக்கபடி உள் இறக்கைகள் திரும்பும் வகை. எவ்வளவு டீசல் ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் ஈசியூ கணக்கும் வேறு. டர்போ, டீசல், இன்டர்கூலர் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்டுச் செய்த எஞ்சின் அது. மூன்றில் ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு மூன்றின் பலனையும் எதிர்பார்க்க முடியாது.

சரி, அந்த ஒன்று என்னதான் செய்கிறது?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு அடி அடித்ததும் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவும் காற்றை அழுத்தத்தான் செய்கிறது, அதையும் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு. வெளியே 35 டிகிரி வெயில், டர்போ 0.8 பார் அழுத்தம் கூட்டுகிறது, அதன் திறன் 68 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், டர்போவை விட்டு வெளிவரும் காற்று ஏறத்தாழ 118 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டிய காற்று. அதைத்தான் எஞ்சின் மூச்சாக இழுக்கிறது. சூடான காற்று விரிந்து கிடப்பதால் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைவு.

நடுவில் ஓர் இன்டர்கூலரை வைத்து, அது சுமாராக 70 சதவீதம் வேலை செய்தால், 118 டிகிரி 60-க்கு இறங்கும். அதற்குள் புகுந்து வருவதில் கொஞ்சம் அழுத்தம் போகும், 0.07 பார் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் கழித்துப் பார்த்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை சுமார் 13 சதவீதம் கூடுகிறது. நல்ல லாபம்தான். ஆனால் அது காற்றில் கிடைத்த லாபம். சக்தியில் அதே அளவு கிடைத்துவிடாது.

டீசல் எஞ்சினின் குணமே இங்கேதான் இருக்கிறது. எரிக்கத் தேவையானதைவிட அதிகமான காற்று அதற்குள் எப்போதும் இருக்கும். சக்தியைத் தீர்மானிப்பது டீசலின் அளவு. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால், அதே தீனியை அதிகக் காற்றில், குறைந்த சூட்டில், சுத்தமாக எரிக்கும். புகை குறையும். சைலன்சருக்குப் போகும் வாயுவின் சூடு இறங்கும். இழுவையில் கொஞ்சம் மெருகு தெரியும், அவ்வளவுதான். ஈசியூ அந்தக் கூடுதல் காற்றை சென்சாரில் பார்த்து டீசலைக் கொஞ்சம் கூட்டுகிற வண்டிகளும் உண்டு. ஆனால் அதற்குப் போட்டு வைத்த வரம்பை அது தாண்டாது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1989-ல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் வந்தது. ஆறு சிலிண்டர், டர்போ உண்டு, இன்டர்கூலர் இல்லை, 160 குதிரைத் திறன். 1991-ன் நடுவில் அதே எஞ்சினுக்கு இன்டர்கூலர் வைத்தார்கள். சக்தி எவ்வளவு ஆயிற்று? அதே 160. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய நேரம் அது. சிலிண்டருக்குள் உச்சச் சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும் என்பதற்காக வைத்தார்கள். அந்த எஞ்சினைச் செய்தவர்களே இன்டர்கூலரைச் சூட்டைக் குறைக்கும் கருவியாகத்தான் பார்த்தார்கள்.

லேண்ட் ரோவர் கதை இன்னும் கசப்பானது. 1986-ல் அவர்கள் கொண்டுவந்த 2.5 லிட்டர் டர்போ டீசலில் இன்டர்கூலர் இல்லை. 85 குதிரைத் திறன். பாரம் ஏற்றி, மிதித்துப் பிடித்து நெடுந்தூரம் ஓட்டியவர்களுக்குப் பிஸ்டனில் கீறல் விழுந்தது. அந்த எஞ்சினுக்குக் கடைசிவரை நல்ல பெயர் வரவில்லை. 1989-ல் டிஸ்கவரியோடு வந்த 200 டிடிஐ எஞ்சினும் 2495 சிசிதான். இன்டர்கூலரும் நேரடி இன்ஜெக்ஷனும் சேர்ந்து 111 குதிரைத் திறன் கொடுத்தன. இன்றைக்கும் உலகம் பூராவும் பழைய ஜீப்புக்காரர்கள் அந்த எஞ்சினைத் தேடி வாங்குகிறார்கள். முழுப் பெருமையையும் இன்டர்கூலருக்குக் கொடுக்க மாட்டேன், எரியும் முறையே மாறிவிட்டது. ஆனாலும் பாரத்தோடு மணிக்கணக்கில் இழுக்கும் டர்போ டீசலுக்குச் சூடுதான் எதிரி என்பதை லேண்ட் ரோவர் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

கோவையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இளவயதில் சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறையில் இருந்தவர். இன்டர்கூலர் பேச்சை எடுத்ததும் அவர் கேட்டது: "தம்பி, வேகத்துக்குப் போடறீங்களா, மலைக்குப் போடறீங்களா?" மலைக்குத்தான் என்றேன். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு ஏசி போட்டு ஏறினால், இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக எஞ்சின் மூச்சு முட்ட இழுக்கும் பாதை. "அப்படீன்னா சரிங்க. லாரியில இது வந்ததே பொகைக்கும் சூட்டுக்குந்தான். மொதல்ல மீட்டரைப் போடுங்க, எவ்வளவு சூடு போகுதுன்னு பாப்போம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன மீட்டர் இஜிடி மீட்டர், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டுவது. டாஷ்போர்டில் இருக்கும் தண்ணீர் சூட்டு முள் இதைச் சொல்லாது. ரேடியேட்டர் தண்ணீர் 90-ல் சாதுவாக நிற்கும்போதே, மேனிஃபோல்டில் வாயு 700-ஐத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவை. எண்ணெயும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக்காற்றும் அதைக் குளிரவைப்பதால்தான் பிழைத்திருக்கிறது. டர்போவுக்கு முன்னால் அளந்தால், 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இழுக்கக் கூடாது என்பது டீசல் வேலை தெரிந்தவர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு.

மீட்டரின் கம்பியை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டிலேயே வைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் மாட்டுவது சுலபம், ஆனால் பாரத்தில் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டலாம். முன்னால் வைப்பதென்றால் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே எடுத்து ஓட்டை போட்டு மரை வெட்டச் சொல்லுங்கள். வண்டியில் இருக்கும்படியே துளைத்தால், உள்ளே விழும் இரும்புத் துகள் நேராக டர்போ இறக்கையில் போய் அடிக்கும். அரை நாள் வேலையை மிச்சம் பிடிக்கப்போய் டர்போவையே காவு கொடுத்தவர்கள் உண்டு.

மீட்டரோடு வால்பாறை ஏறினோம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையைத் தாண்டி, முன்னால் ஒரு பேருந்து. அதன் பின்னாலேயே ஊர்ந்து, நேர்ப்பாதை கிடைத்ததும் மூன்றாம் கியரில் மிதித்தேன். முள் 600-ஐத் தாண்டி, 650-ஐத் தாண்டி, 690 பக்கம் போய் நின்றது. காலை எடுத்தால் சில நொடிகளில் 400-க்கு இறங்குகிறது. தண்ணீர் முள் அசையவே இல்லை. இத்தனை வருடமாக இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே ஓட்டியிருக்கிறோம் என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொன்னேன். அந்த முள்ளைப் பார்த்த பிறகு இன்டர்கூலர் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

இனி எங்கே வைப்பது. ஃபார்ச்சூனர் மாதிரி எஞ்சின் தலைமேல் வைத்தால் குழாய் நீளம் குறைவு, மிதித்ததும் உடனே எடுக்கும். ஆனால் பானட்டை வெட்ட வேண்டும். நெரிசலில் நின்றால் கீழே இருக்கும் எஞ்சினே அதைச் சுட வைத்துவிடும். முன்னால், பம்பருக்குப் பின்னே வைத்தால் நல்ல காற்று கிடைக்கும். ஆனால் அதன் பின்னால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் போகும் காற்றை இது மறைக்கும், தன் சூட்டையும் சேர்த்து அனுப்பும். நம் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு ஏசியோடு ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் முன்னால்தான் வைத்தோம். ஆனால் கண்டென்சர் முழுவதையும் மறைக்காத, உயரம் குறைந்த அகலமான கோர். அதற்கு முன் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளடைப்பு எடுத்து, ஃபேன் கிளட்ச் சரியாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். ரேடியேட்டரே அடைத்திருக்கும் வண்டியில் முன்னால் இன்னொரு தடுப்பை வைத்தால் வேறு தலைவலி ஆரம்பிக்கும்.

கோர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது. இணையத்தில் பளபளவென்று விற்கும் பெரிய, கனமான கோர் ரேஸ் வண்டிக்குச் சரி. மலையேறும் குடும்ப வண்டிக்குக் கம்பெனி வண்டிகளில் வரும் மெல்லிய குழாயும் இதழுமான கோரே மேல். எடை குறைவு, பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றை விடும். ரொம்பப் பெரியதைப் போட்டால் உள்ளே நிரப்ப வேண்டிய காற்றின் அளவு கூடி, டர்போ எடுக்கும் நேரமும் நீளும். 102 பிஎஸ் எஞ்சினுக்கு லாரி சைஸ் தேவையில்லை.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய வண்டிகளின் இன்டர்கூலர் நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டியின் டர்போ உடைந்து கழற்றினார்களா என்று விசாரியுங்கள். உடைந்த டர்போவின் தூளும் எண்ணெயும் போய்த் தங்கும் இடம் இன்டர்கூலர்தான். எவ்வளவு கழுவினாலும் ஒரு துகள் மிச்சமிருந்தால் அது உங்கள் எஞ்சினுக்குள் போகும். நிறைய எண்ணெய் தேங்கியிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சினால் அதையே தீனியாக எடுத்துக்கொண்டு தன் போக்கில் ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவி, கடைசியாக வரும் மண்ணெண்ணெய் வெள்ளைத் துணியில் கறை படியாமல் இருக்கும்வரை விடாதீர்கள். காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

குழாய் வேலையில்தான் பெரும்பாலான வண்டிகள் கெடுகின்றன. அலுமினியக் குழாயை ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்தோம். ஒவ்வொரு முனையிலும் சுற்றிலும் ஒரு சிறு மேடு எழுப்பச் சொல்ல வேண்டும். அந்த மேடு இல்லாவிட்டால் ஹோஸ் என்றைக்காவது ஏற்றத்தில் வழுக்கிக் கழன்று வரும். வெல்டிங்குக்குப் பிறகு உள்பக்கம் தேய்த்துச் சுத்தம் செய்ய மறக்கக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், இன்டர்கூலர் பாடியில் ஆடாமல் நிற்கும். நடுவில் வளைந்து கொடுக்க சிலிக்கான் ஹோஸ் இருக்க வேண்டும், அதுவும் எண்ணெய் தாங்கும் உள்பூச்சு உள்ளது. சாதா சிலிக்கானை எஞ்சின் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை ஊறவைத்துவிடும். கிளாம்ப் போல்ட் போட்டு முறுக்கும் அகலப்பட்டை வகை. தண்ணீர் ஹோஸுக்குப் போடும் மெல்லிய திருகுக் கிளாம்ப் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரஸர் காற்றை 1 பார் விட்டுச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார் அண்ணன். வெல்டிங்கெல்லாம் நன்றாக நின்றது. பம்பர் பக்கம் ஓர் ஹோஸின் அடியில் மட்டும், கண்ணுக்கு எட்டாத இடத்தில், பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. கண்ணாடியைக் கீழே பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. கிளாம்ப் அரைச் சுற்று முறுக்கியதும் நின்றுவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். சின்னக் கசிவு இருந்தால் டர்போ அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றும், கறும்புகை வரும். நீங்களோ இன்டர்கூலரே உருப்படாது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

மாட்டிய பிறகு பலர் பதறுவது ஒரு விஷயத்துக்கு: பூஸ்ட் மீட்டர் முன்னைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். "பூஸ்ட் போச்சே" என்று பட்டறைக்கு ஓடுவார்கள். பயப்பட வேண்டாம். குழாயிலும் கோரிலும் கொஞ்சம் அழுத்தம் போகிறது. அழுத்தம் குறைந்தாலும் சூடு அதைவிட அதிகம் குறைந்திருப்பதால் உள்ளே போகும் காற்றின் எடை கூடித்தான் இருக்கிறது. மீட்டர் அழுத்தத்தை அளக்கிறது, எடையை அல்ல. வித்தியாசம் ஒரு பிஎஸ்ஐயோ ஒன்றரையோ இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு என்று போனால் கசிவோ அடைப்போ இருக்கிறது.

அதே வால்பாறை, அதே ஆட்கள், அதே ஏசி. முன்பு 690 பக்கம் போன இடங்களில் முள் இப்போது 600-ஐ ஒட்டியே நிற்கிறது. உள்ளே போகும் காற்றில் ஒரு டிகிரி குறைந்தால் வெளியே வரும் வாயுவில் ஒன்றிலிருந்து இரண்டு டிகிரிவரை குறையும் என்று டீசல்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதோடு இது ஒத்துப்போகிறது. மிதிக்கும்போது பின்னால் கிளம்பும் கறும்புகை நன்றாகவே குறைந்துவிட்டது. பிக்கப்? மூன்றாம் கியரிலேயே ஏற முடிகிற இடங்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஆசை வரும். சூடு குறைந்திருக்கிறது, காற்று இருக்கிறது, டீசலைக் கூட்டினால் என்ன? காமன் ரெயிலில் அதற்கு ஈசியூவை ரீமேப் செய்ய வேண்டும். பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளில் ஒரு திருகைத் திருப்பினால் போதும். எளிது என்பதாலேயே அதைத் திருப்பித் திருப்பி எஞ்சினை முடித்தவர்கள் அதிகம். டீசலைக் கூட்டினால், இன்டர்கூலர் மிச்சப்படுத்திய சூடு முழுவதையும் திரும்பச் செலவு செய்துவிடலாம், அதற்கு மேலும் போகலாம். டார்க் கூடினால் கிளட்சும் கியர்பாக்ஸும் அதைத் தாங்க வேண்டும். நான் ரீமேப் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. கிடைத்த தொண்ணூறு டிகிரியை எஞ்சினுக்கே விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் செய்வதென்றால் இஜிடி மீட்டரைப் பார்த்துக்கொண்டே, 700-ஐத் தாண்டாத அளவுக்குள் செய்யச் சொல்லுங்கள். "மீட்டரெல்லாம் எதுக்கு சார், நூறு வண்டிக்குப் பண்ணியிருக்கோம்" என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சட்டப் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பானட்டையோ பாடியையோ வெட்டுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டியைத் தொடவே வேண்டாம்.

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு வீண். மேட்டுப்பாளையம் தாண்டாத வண்டியில் முள் 500-ஐத் தொட்டாலே அதிகம். இன்ஜெக்டர் தேய்ந்து சொட்டும் வண்டி, கம்ப்ரஷன் போன வண்டி, ஏற்கெனவே எண்ணெய் குடிக்கும் வண்டி, இவற்றுக்கு முதலில் எஞ்சின் வேலையைப் பாருங்கள். சொட்டும் இன்ஜெக்டர் பிஸ்டனில் ஓட்டை போடும். எவ்வளவு குளிர்ந்த காற்றும் அதைத் தடுக்காது.

ஏழெட்டுப் பேரோடு கொல்லிமலையின் எழுபது வளைவும் வால்பாறையின் நாற்பதும் ஏறி இறங்குகிற, ஆனால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிற பழைய டர்போ டீசல் வைத்திருக்கிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். ஆனால் பணம் கையில் வந்ததும் முதலில் வாங்க வேண்டியது இஜிடி மீட்டர். அதை மாட்டி, உங்கள் மலையில் உங்கள் பாரத்தோடு ஒருமுறை ஏறி, முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் இன்டர்கூலர் கடைக்குப் போங்கள்.